நினைவு தப்பிப் போகிற வீடு

பேஸ்மேக்கர் வைத்த பிறகு பிரேக் வாத்தியார் முதல் முறை மயங்கியது சலூன் நாற்காலியில். அதே நேரத்தில், பஸ்ஸில் ஐந்து மணி நேரத் தொலைவில் இருக்கும் அக்கா வீட்டிலும் அவர், பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு, தையல் மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. சவரத்தை முடிக்காமல் வந்திருக்கிறான் என்பதைத் தவிர அக்காவுக்கு அதில் வேறு குறை தெரியவில்லை. கையில் இருந்த பேண்டை மெஷின்மேல் வைத்துவிட்டு, ஒரு துண்டை எடுத்து நுரையைத் துடைத்துவிட்டாள். சலூனில் முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பியபோது அவர் கன்னத்தில் நுரை இல்லை. சட்டைத் தோளில் நீல நூல் ஒன்று ஒட்டியிருந்தது. சலூன்காரர் அதைத் தட்டிவிட்டு, மறுபடி சோப்புப் போட்டார்.

அவர் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவர். அந்தக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காருகிற வாத்தியாருக்கு ஒரு பிரேக். ஓட்டுகிறவர் பயப்படுவதற்கு முன்பே இவர் கால் அழுத்திவிடும். எறும்பு குறுக்கே போனாலும் வண்டி நிற்கும் என்று கேலி செய்து, மாணவர்கள் அவருக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அவரிடம் படித்தவர்கள் யாரும் விபத்தில் சிக்கியதில்லை. சீக்கிரம் லைசென்ஸ் வாங்கியதும் இல்லை. அக்காவுக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். தெருமுனை வரைக்கும்கூட அவளால் சேர்ந்தாற்போல் ஓட்ட முடியவில்லை. ஒருநாள் நாற்சந்தி நடுவில் அவர் பிரேக்கை மிதித்தபோது அக்கா எஞ்சினை அணைத்துவிட்டு, “காலை எடுடா. நீ காலை எடுத்தா எனக்கு ஓட்ட வரும்” என்றாள். “எடுத்தா ரெண்டு பேரும் நேரா மேல போயிடலாம். உனக்கு இந்த ஜென்மத்துல வண்டி வராதுக்கா” என்றார் அவர். பின்சீட்டில் முறைக்குக் காத்திருந்த இரண்டு மாணவர்கள் சிரித்தார்கள். “எல்லார் தலையெழுத்துலயும் உன் கால வச்சுக்கிட்டே இரு” என்றாள் அக்கா. சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அவர் கதவைத் திறந்து இறங்கி, “போறேன்” என்றார்.

தெருக்கோடிக்குப் பால் வாங்கப் போகிறவர்கூட ‘வரேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் போவார். ‘போறேன்’ என்பது திரும்பி வராதவர்களின் சொல். வாய் தவறி வந்துவிட்டால் அந்த இடத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டு மாற்றிச் சொல்வார்கள். அவர் மாற்றவில்லை. அக்கா புருஷனுக்கு அந்த வருடமே வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அங்கே அவள் கடைகளுக்குப் பேண்ட் மடித்துத் தைத்துக் கொடுத்தாள், ஜிப் மாற்றினாள், இன்னொரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள், முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். தைத்த துணிகளைத் தானே வேனில் கொண்டுபோய்க் கொடுக்கிறாள் என்று இவருக்குச் சேதி வந்தது. கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அடுத்த வாரம் போகலாம், பள்ளிக்கூட லீவில் போகலாம் என்று இருக்கையிலேயே வருடங்கள் பின்கண்ணாடியில் சிறுத்துப் போயின.

இதயம் மெதுவாகத் துடிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகு. வகுப்பு நடுவே மயங்கிச் சாய்ந்தார். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் தானே பிரேக்கை மிதித்து வண்டியை ஓரம் கட்டினாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: உங்கள் வண்டியில் ரெண்டாவது பிரேக் இருக்கிற மாதிரி இது ரெண்டாவது ஆக்சிலேட்டர், இதயம் அசந்தால் இது மிதிக்கும். தீப்பெட்டி அளவிலான பேஸ்மேக்கரை மார்புத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்தார்கள். அப்புறமும் அவர் விழுந்தார். சலூனில், பேங்க் வரிசையில், கரும்பலகையில் வளைவுக் குறியீடு வரைந்துகொண்டிருக்கும்போது. ஒவ்வொரு முறையும் மார்பின்மேல் கருவியை வைத்துப் பார்த்தார்கள். பேஸ்மேக்கர் ஒரு துடிப்பைக்கூட விட்டிருக்கவில்லை. “எஞ்சின் ஒழுங்கா ஓடுது. பெட்ரோல்தான் மேல ஏற மாட்டேங்குது” என்றார் டாக்டரம்மா. ரத்தக் குழாய்கள் தளர்ந்து ரத்தம் காலுக்கு இறங்கிவிடுகிறதாம். நிறையத் தண்ணீர், கொஞ்சம் கூடுதல் உப்பு, காலை இறுக்கிப் பிடிக்கும் நீளக் காலுறை. மயக்கம் நிற்கும் வரைக்கும் காரில் உட்காரக் கூடாது.

“அது இருக்கட்டும் டாக்டர். நினைவு போச்சு, நினைவு போச்சுன்னு எழுதறீங்களே, எங்க போகுது?” என்று மனைவி கேட்டாள். எங்கேயும் போகாது, விளக்கு அணைந்து எரிகிற மாதிரிதான் என்றார் டாக்டரம்மா. வீட்டுக்கு வந்ததும் அத்தான் போன் செய்தார். அக்கா புருஷன் போன் செய்வது பல வருடங்களில் அதுதான் முதல் தடவை.

“என்னம்மா, உன் வீட்டுக்காரன் வரதுல எனக்கு ஒண்ணுமில்ல. கதவத் தட்டிட்டு வரலாம்ல?”

“அவரு ஆஸ்பத்திரில இருந்தாரு அண்ணா. இப்பதான் கூட்டிட்டு வந்தேன்.”

“அங்கயும் இருந்தானா? அதான் கைல பிளாஸ்திரியோட வந்தான்.”

இருவரும் நாளையும் வேளையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சலூனும் பொருந்தியது, பேங்கும் பொருந்தியது. விரலில் சாக்பீஸ் தூளோடு வந்து மெஷினில் இருந்த கறுப்புத் துணியைத் தொட்டுக் கறையாக்கியதும் பொருந்தியது. மனைவி அன்றிலிருந்து அவரை வீட்டிலும் நல்ல சட்டை போடச் சொன்னாள். “கிழிஞ்ச பனியனோட போய் நிக்காதீங்க. அண்ணி முன்னாடி என் மானம் போகுது.” அவருக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. கண் இருட்டும், கண் திறக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. தோளில் நூல் மட்டும் இருக்கும்; சில சமயம் நீலம், சில சமயம் பழுப்பு. அங்கே தான் என்ன பேசினேன் என்று கேட்க வேண்டும் என்றிருந்தது. கேட்கவில்லை. போய்க்கொண்டுதானே இருக்கிறோம் என்று மனதுக்குச் சமாதானம் சொன்னார். பஸ் ஏறுகிற பேச்சு அதோடு வீட்டில் நின்றுபோனது.

மூன்றாம் வருடம் காலுறையும் உப்பும் வேலை செய்தன. ஒரு மழைக்காலம் முழுக்க அவர் விழவில்லை. டாக்டரம்மா காரில் உட்கார அனுமதித்தார். டிரைவிங் ஸ்கூலில் மாலை போடாத குறைதான். தன் பிரேக்கின்மேல் கால் வைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. அந்த மாதம்தான் அத்தான் மறுபடி போன் செய்தார். அக்கா படுக்கையில் இருக்கிறாள், இப்போதெல்லாம் அவன் ஏன் வருவதில்லை என்று கேட்கிறாள். மனைவி போனைக் காதில் வைத்தபடியே அவரைப் பார்த்தாள். “உடம்பு சரியாயிடுச்சுன்னு சொல்லு” என்றார். சொல்லி முடித்தபின் அந்தச் சொல் அவருக்கே கசந்தது.

மறுநாள் பஸ் நிலையம் வரைக்கும் போனார். பஸ் நின்றுகொண்டிருந்தது, ஜன்னலோர இடமும் காலி. ஏறிப் போனால் கதவைத் தட்ட வேண்டும், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், முதல் வார்த்தை என்று ஒன்றைச் சொல்ல வேண்டும். மயங்கினால் இது எதுவும் வேண்டியதில்லை. அவர் காலுறைகளைக் கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல், நல்ல வெயிலில் பஸ் நிலையச் சுவரோரம் நின்றார். பஸ் போனது. அடுத்த பஸ் வந்து அதுவும் போனது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது, கால்கள் வீங்கின, தலை மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. எத்தனையோ தடவை வேண்டாத இடத்திலெல்லாம் விழுந்த உடம்பு அன்று கம்பம் மாதிரி நின்றது. அடுத்த நாளும் போய் நின்றார். அதற்கடுத்த நாள் அத்தான் மூன்றாவது முறையாகப் போன் செய்தார்.

அன்று பஸ் ஏறுவதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. அக்கா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது, தட்ட வேண்டியிருக்கவில்லை. அவர் முன்பின் பார்த்திராத பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்து வழிவிட்டார்கள். “உங்க சேர் அங்கதான் இருக்கு” என்றாள் ஒருத்தி, வீட்டுப் பிள்ளையிடம் சொல்வதுபோல. மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி இருந்தது. பல நிறத் துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த மெத்தை ஒன்று அதன்மேல் கிடந்தது, நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்த பள்ளத்தோடு. அவர் உட்கார்ந்தார், பள்ளம் சரியாகப் பொருந்தியது. அவர் சொன்ன நகைச்சுவை ஒன்றை எதிர்வீட்டுக்காரர் அவருக்கே சொல்லிவிட்டு அழுதார். ஜிப்பை எப்படிப் பொருத்துவது என்று அக்கா சொல்லித்தர, அவர் ஒன்றைத் தலைகீழாகத் தைத்துவிட்டாராம். அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அவரும் அக்காவும் இருந்த நாட்கள் நினைவிருந்தன, அவர் ஒருவரைத் தவிர.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அத்தானிடம் கேட்டார். “நான் இங்க எப்படி இருந்தேன் அத்தான்?”

“எப்படின்னா? காலை ரெண்டையும் தூக்கி சேர்மேல மடிச்சு வச்சுக்குவே. அவ மெஷினை மிதிச்சுக்கிட்டே சொல்லுவா, பாருங்க, காலை எடுத்துட்டான்னு.”

“கிளம்பறப்ப?”

அத்தான் அவரை நிமிர்ந்து பார்த்தார். “என்ன கேள்வி இது? வரேன்க்கானுவே. ஒரு தடவைகூடச் சொல்லாம போனதில்ல.”

அவர் மெஷினின் இரும்பு மிதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றும் மயக்கம் வரவில்லை. அந்த ‘வரேன்’ அவள் காதில் விழுந்துவிட்டது. அவர் வாயிலிருந்துதான் வந்தது. அவர் காதுக்கு மட்டும் அது எட்டவில்லை. கிளம்பும்போது கூடத்தைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார். விழித்திருந்து சொன்ன சொல் மெத்தைமேல் விழுந்து அங்கேயே கிடந்தது.

அதற்குப் பிறகு அவர் காரில் ஏறவில்லை. காலுறைகள் பீரோவுக்குள் போயின. வெயில் காலம் தொடங்கியபோது, சமையலறையில் தண்ணீர்க் குடத்தைச் சாய்த்தபடியே சரிந்து விழுந்தார். மனைவி பதறவில்லை. தலைக்கு ஒரு தலையணை வைத்தாள், சிந்திய தண்ணீரைத் துடைத்தாள், சட்டை நல்ல சட்டைதான் என்று பார்த்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்தாள்.

“அண்ணா, வந்துட்டாரா?”

“இப்பதான். உக்காந்திருக்கான்.”

“காலு?”

“மேலதான்.”

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, சுவரில் சாய்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “கொஞ்சம் இருந்துட்டே வரட்டும்” என்றாள். அங்கே மெஷின் மூடிக் கிடந்தது, தைக்க ஆளில்லை. கண் திறந்தபோது அவர் தோளில் நீல நூல் ஒட்டியிருந்தது. அவள் அதை எடுத்து, மற்றவற்றோடு டப்பாவில் போட்டாள்.