இரண்டாவது கைப்பிடி

இந்தக் காலத்து மனுஷனுக்குப் பொருள் கெட்டுப்போகவே வேண்டாம். புதுசு ஒன்று கடைக்கு வந்தால் போதும், பழசைத் தூக்கிப் போட்டுவிடுவான். பெண்டாட்டிமாரைக் கடையில் மாற்றிக்கொள்ள வழியில்லாததால்தான் குடும்பங்கள் தப்பித்தன என்பார் பால்ராஜ். தொண்ணூற்றாறில் டிவியில் மாட்டித் தட்டுப் போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி வந்ததும், கேசட் சொருகி ஆடும் பழைய பெட்டியை ஆளாளுக்குத் தள்ளிவிட்டார்கள்.

அப்படித் தள்ளிய ஒன்றைத்தான் மேல்வீட்டு அம்பிகைபாகன் கொம்தார் கடைக்கட்டடத்தில் அப்துல் அஜீஸ் கடையில் வாங்கி வந்தார். ஜப்பான்காரன் செய்த அசல். விலை ஒரு கோழிக்குக் கொடுப்பதுதான். அம்பிகைபாகன் ஆபீஸில் கணக்கெழுதி ரிட்டையரான கிராணி, சிக்கனத்தில் கரை கண்டவர். ஆடி அலுத்த கேசட்டைக் கொடுத்து வேறொன்றை மாற்றி வருவார். படம் வராவிட்டால் அழிப்பானால் கேசட்டின் பல்லைத் தேய்ப்பார், வந்துவிடும். கூட ஆடக் கீழ்வீட்டு பால்ராஜ் இருந்தார். அதற்கும் செலவில்லை.

பால்ராஜ் துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். ஆயர் ஈத்தாம் சந்தை ஓரத்துக் கோப்பிக்கடையில் விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலி அவருடையது. யாரும் எழுதித் தரவில்லை, ஆனாலும் அவருடையதுதான். பெட்டியில் ஆடும் பந்தாட்டத்தில் தினம் கிராணியிடம் தோற்ற கடுப்பில் அதையே பந்தயம் வைத்துவிட்டார். கிராணியும் விடவில்லை. "நான் தோத்தா இனிமே உங்கள அண்ணேன்னு கூப்பிடுறேன்." நாள் ஞாயிறு, கோயில் பூசை முடிந்தபின்.

வாயை விட்ட பிறகுதான் பால்ராஜுக்குப் பயம் வந்தது. பொத்தான் அமுக்கி ஆடும் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிராணியுடையதில் நடுவே ஸ்டார்ட் பொத்தான் இருந்தது. இவருடையதில் இல்லை.

"என்ன கிராணியாரே, எனக்கு மட்டும் மொட்டையா ஒன்னு?"

"ரெண்டாவது கைப்பிடி அப்படித்தான் பால்ராஜ். ஆட்டத்தத் தொடங்க, நடுவுல நிப்பாட்ட ஒரு பொத்தான் போதும்லா."

"அந்த ஒன்னு உங்க கையிலதான் இருக்கணுமோ."

"வேணும்னா மாத்திக்குவோம்."

இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பவனை எப்படி நம்புவது? பால்ராஜ் மாற்றிக்கொள்ளவில்லை. மறுநாள் கொம்தாருக்கு பஸ் ஏறினார்.

அஜீஸ் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். மூன்றிலும் இரண்டாவது கைப்பிடி மொட்டை.

"அசல் இப்படித்தாண்ணே. ரெண்டுலயும் பொத்தான் வேணும்னா காப்பியடிச்ச பெட்டி இருக்கு. அதே கேசட்டுத்தான் ஓடும், இன்னும் மலிவு."

"முழுசா இருக்கறது காப்பி, மொட்டையா இருக்கறது அசலா? யார்கிட்டடா கதை விடுற?"

பால்ராஜுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முழுசுதான் அசல். குறையுள்ளதை ஜப்பான் பேரைச் சொல்லிக் கிராணியின் தலையில் கட்டியிருக்கிறான். வீட்டில் சும்மா கிடந்த ரேடியோவைக் கொண்டுபோய்க் கொடுத்து, காப்பியை வாங்கி வந்தார். ரேடியோ சும்மா கிடக்கவில்லை, தினம் அதில்தான் தான் பாட்டுக் கேட்பதாக மனைவி அமலம்மாள் சொன்னாள். சொன்னதோடு பேச்சையும் நிறுத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கிராணி வீட்டில், பால்ராஜ் கொண்டுவந்த புதுப் பெட்டியில் ஆட்டம். கைப்பிடி இரண்டும் சமமாகிவிட்டபின் எதை எடுத்தால் என்ன என்று பால்ராஜ் கெத்தாக இரண்டாவதையே எடுத்தார். ஆளுக்கொரு கோல். முடிய கொஞ்ச நேரமே இருக்கும்போது கிராணியின் ஆள் பந்தோடு கோலை நோக்கி ஓடினான். பால்ராஜ் நிதானமாக ஸ்டார்ட்டை அமுக்கினார். ஆட்டம் நிற்கவில்லை. பெருவிரல் நோக அமுக்கினார். பந்து உள்ளே போனது.

"என்னத்த அமுக்குனீங்க?"

"நிப்பாட்டினேன்."

"நிப்பாட்டி?"

"யோசிக்கலாம்னு."

"ஆட்டம் முதல் கைப்பிடிய மட்டுந்தான் கேக்குது போல. அது சும்மா அழகுக்கு வச்சிருக்கான் பால்ராஜ்."

"வேலை செய்யாத பொத்தான எவனாவது காசு போட்டுச் செய்வானா? அஜீஸும் நீங்களும் பேசி வச்சிருக்கீங்க."

"பெட்டியக் கொண்டாந்தது நீங்கதான்லா."

"அதான் எனக்கும் பிடிபடல."

கிராணி சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "சரி, நாளைக்குக் காலையில விசிறிக்குக் கீழ நான் உக்காந்துக்கறேன். வாங்க, முதல் கைப்பிடிய நீங்க பிடிங்க, இன்னொரு ஆட்டம் போடுவோம்."

பால்ராஜ் முதல் கைப்பிடியை வாங்கி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் சத்தம் கேட்கவில்லை. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. கீழே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"பெட்டிய விட்டுட்டுப் போறீங்களே, அண்ணே?" என்றார் கிராணி பின்னாலிருந்து.

தோற்றவனை எதற்கு அண்ணே என்கிறான்? இதில் என்னமோ இருக்கிறது என்று முனகிக்கொண்டே பால்ராஜ் படியிறங்கிப் போனார்.