பிரகாசியின் தோளில் இருந்த சொல்

எங்கள் ஊரில் மனிதர்கள்மேல் ஆங்கிலச் சொற்கள் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைக்காரன் காலத்துப் பதிவேடு என்பதால் யாரும் மொழியை மாற்றவில்லை. ஆள்மேல் ஒட்டினால் அது பெயரடை, குளித்தாலும் போகாது. செய்த காரியத்தின்மேல் ஒட்டினால் வினையடை. காரியத்தோடு இருந்துகொள்ளும், ஆளைத் தொடாது. சொல் அலுவலகத்தில் இரண்டுக்கும் தனித்தனி ஜன்னல்.

பிரகாசியின் இடது தோளில் பதினோரு வருடமாக 'கேர்லெஸ்' இருந்தது. மில் கேன்டீனில் வேலை பார்த்தபோது, ஒரே ஒரு தடவை, ஒரு தட்டு நிறைய டீ கிளாஸ்களைக் கீழே போட்டாள். சொல் அலுவலகத்திலிருந்து ஒட்ட வந்தவர் சாப்பாட்டு அவசரத்தில் சொல்லைக் காரியத்தின்மேல் ஒட்டாமல் அவள்மேல் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் அவள் கையிலிருந்து ஒரு ஸ்பூன்கூட நழுவியதில்லை.

இப்போது தங்கை ஜெனோவாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அந்தச் சொல் உள்ளவர்கள் கைக்குழந்தையைத் தூக்கக் கூடாது என்பது விதி. மூன்று நாளாகப் பிரகாசி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டிலைப் பார்த்தபடி நின்றாள். பாவமாகத்தான் இருந்தது. நான்காம் நாள் அலுவலகத்துக்குப் போனாள்.

"மாத்திரலாம்மா," என்றார் எழுத்தர் ஞானமுத்து. "ஒட்டுறதுக்கு அந்தக் காரியம் வேணும்லா? கூட்டிட்டு வாங்க."

நியாயம்தான். மில் மூடிக் கிடந்தது. கேன்டீனில் அந்தக் காரியம் மட்டும் விட்ட இடத்திலேயே இருந்தது. பன்னிரண்டு கிளாஸ் விழும், உடையும், மேலே போய் மறுபடி விழும். பிரகாசி கூப்பிட்டதும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டது. பதினோரு வருடம் எட்டிப் பார்க்காதவள் அல்லவா. மினிபஸ்ஸில் கண்டக்டர் அதை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஞானமுத்து அவள் தோளிலிருந்து சொல்லை உரித்து, வாலில் 'லி' சேர்த்து, காரியத்தின்மேல் ஒட்டினார். தோளில் அந்த இடம் வெளுத்திருந்தது.

"இத நீங்களே வச்சிக்கிடுவீங்களா?"

"செஞ்சவங்கதாம்மா வச்சிக்கிடணும்."

இடுப்பில் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்கு நடந்தாள். அதைக் கூடத்து மூலையில் இறக்கிவிட்டு, குழந்தையை இரண்டு கையாலும் வாங்கினாள். கண் நிறைந்துவிட்டது. மூலையில் கிளாஸ்கள் விழுந்தன. பிறந்ததிலிருந்து வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுத் தூங்கிப்போனது.

"யக்கா," என்றாள் ஜெனோவா, "அத ஒரு மாசம் இங்க விட்டுட்டுப் போயேன்."

பிரகாசி சற்று யோசித்தாள். "மூணு நாளைக்கு ஒருக்கா புது டீ ஊத்து. வெறும் கிளாஸா விழுந்தா அது ஏங்கிப்போவும்."

சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று மட்டும் ஜெனோவா கேட்டுக்கொண்டாள்.