உள்ளே ஆள் இருக்கிறது

கோளரங்கத்தில் விளக்கம் சொல்கிறவளுக்கு அன்றைக்கு நான்கு காட்சிகள். தொண்டை கட்டி, கால் கடுத்து வீடு வந்தவள் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் சோபாவில் சாய்ந்தாள்.

"இன்னைக்கும் அதே கேள்வியா?" என்றான் கணவன்.

"வேற என்ன? நம்ம பால்வெளியில கோடிக்கணக்கான கோள் இருக்கு, எங்கேயாவது உயிர் இருக்க வாய்ப்பு உண்டுன்னு வாய் வலிக்கச் சொல்றேன். கடைசியில ஒருத்தர் எழுந்து, 'அப்போ ஏம்மா ஒருத்தரும் நம்மகூடப் பேசலை?'ங்கறார். நான் என்னத்தைச் சொல்ல? தூரம் அதிகம்னு மழுப்பிட்டு வந்தேன்."

அழைப்பு மணி அடித்தது. இந்த நேரத்தில் வருகிறவர் எதிர்வீட்டுக்காரர்தான். பேச ஆரம்பித்தால் லேசில் விடமாட்டார். எழப்போன கணவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். இருவரும் மூச்சுக் காட்டவில்லை. மணி மறுபடி அடித்தது. அவன் கையை எட்டி விளக்கை அணைத்தான். செருப்புச் சத்தம் தயங்கித் தயங்கிப் போய், எதிர்க்கதவு சாத்திக்கொண்டது.

"நாளைக்கு யாராவது 'ஏம்மா ஒருத்தரும் பேசலை?'ன்னு கேட்டா பதில் சொல்லிடுவேன்" என்றாள் இருட்டில்.

"என்னன்னு?"

"அவங்களும் இப்பதான் வேலை முடிஞ்சு வந்திருப்பாங்கன்னு."