மூன்றாம் தரம் சொல்லாத குரல்

ஏலக்காரரின் குரல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி ஆறுவதற்குள், ஒரு மெழுகு உருளைக்கு விற்றுப்போனது. விற்றவர் அவரேதான்.

முந்தின நாள் ஏலத்தில் நாதியில்லாமல் நின்ற பழைய ஃபோனோகிராஃப் ஒன்றோடு வந்த உருளை அது. மரப்பெட்டி, பித்தளைப் புனல், சாவி கொடுக்க ஒரு கைப்பிடி, கூடவே ஒரே ஒரு உருளை. பாவம் பார்த்து வீட்டுக்குத் தூக்கி வந்தார். இயக்கும் விதத்தை, அதை ஏலத்துக்குக் கொண்டுவந்திருந்த பழம்பொருள் கடைக்காரர் பொறுமையாகச் சொல்லித்தான் அனுப்பினார். மெழுகில் விரல் படக்கூடாது. உருளைக்குள் இரண்டு விரலை விட்டு விரித்துத் தூக்க வேண்டும். கைப்பிடி இறுகியதும் விட்டுவிட வேண்டும். ஊசித்தலை இரண்டு: ஒன்று குரலை மெழுகில் கீறும், மற்றது கீறியதை ஒலிக்கும். ஏலக்காரர் தெரியும் தெரியும் என்று தலையாட்டினார். கேட்டுக்கொண்டது கூட நின்ற மனைவிதான். கண்ணாடிக்கடையில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை பொருத்துகிறவள் அவள். கைக்கு இருந்த வேலை அவள் வாய்க்கு இல்லை. கல்யாணமான நாள் முதல் அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு நடுவே ஒரு வார்த்தை நுழைய இடமில்லை.

காலையில் அவள் அடுப்படியில் இருந்தபோது அவர் அவசரப்பட்டுக் கீறும் தலையை மாட்டிவிட்டார். உருளை சுற்றியது, சத்தமில்லை. வாய் திறக்காத கூட்டத்தைக் கண்டால் ஏலக்காரருக்குப் பொறுக்காது. பழக்கதோஷம், புனலுக்குள் குனிந்து, "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று முழங்கினார். மூன்றாம் தரம் சொன்னால் பொருள் கைமாறியாயிற்று என்பதுதான் தொழில் நியாயம். அதோடு அவர் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை நன்றாக இருக்கிறது, குரல் மட்டும் இல்லை என்றார்.

மனைவி ஒலிக்கும் தலையை மாட்டிச் சுற்றினாள். உருளை ஓடும்வரை குரல் அவருக்குத் திரும்பியது, நின்றதும் போயிற்று. சில வாரம் ஏலக்கூடத்துக்கு இயந்திரத்தை அவளே சுமந்துபோய்ச் சுற்றினாள். ஆனால் ஒவ்வொரு முறையும் ஊசியடியில் மெழுகுத்தூள் உதிர்ந்தது. அவர் குரல் பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதுபோல் மெலிந்துகொண்டே வந்தது. முழுக்கத் தேய்ந்தால் அப்புறம் இல்லை. அது தெரிந்தும், இன்னும் ஒரு முறை என்று அவர் விரலைக் காட்டிக் கெஞ்சினார். நாலு வார்த்தை பேச விடாதவர்தான், ஆனாலும் அந்தச் சத்தம் இல்லாத வீடு அவளுக்கு வீடாகவே இல்லை.

அவள் ஊசியைத் தூக்கிவிட்டுக் கீறும் தலையை மாட்டினாள். உருளையின் ஓரத்தில் விரல்கடை அகலத்துக்கு மெழுகு வெறுமையாக இருந்தது. புனலருகே குனிந்தாள்.

"நானும் இந்த வீட்லதாங்க இருக்கேன். எனக்கும் சொல்றதுக்கு நிறைய இருக்கு. இருக்கிற என் குரலை ஆளுக்குப் பாதியா வெச்சுக்கலாம். ஒரு தரம். ரெண்டு தரம்."

மூன்றாவதைச் சொல்லாமல் உருளையை நிறுத்தினாள். விற்கவும் இல்லை, திருப்பி எடுக்கவும் இல்லை. அவள் குரல் இருவருக்கும் நடுவில் நின்றது.

அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே குரல், அவளுடையது. காலையில் அவர் எடுத்துப் போவார். கண்ணாடிக்கடையில் அவளுக்குக் கையே போதும். மீசை வைத்த மனிதர் பெண்குரலில் விலை கூறுவதைக் கூட்டம் முதல் நாள் நிமிர்ந்து பார்த்தது. மறுநாளிலிருந்து பொருளைப் பார்த்தது. இயந்திரம் துணி போர்த்தி அலமாரி மேல் இருக்கிறது.

சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அன்றைய கடைசி வார்த்தையை அவர் சொல்வார்.

"இந்தா, இனி நீ பேசு."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். அவள் பேசத் தொடங்குவாள்.