ஜெயசீலன் ஏணி

அட்டையைப் படித்ததும் அம்மையப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்தான் தவறிவிட்டதோ என்று எழுத்துக்கூட்டி இன்னொரு முறையும் படித்தார். ஒன்பதாவது கட்டம்: ஜேக்கப்ஸ் லேடர். யார் அந்த ஜேக்கப்? எந்த கேம்ப்பில் இருந்தான்? எந்த சைட்டில் டூட்டி பார்த்தான்?

பஹ்ரைன் ஈசா டவுனில் அந்த வெள்ளிக்கிழமை கைவேலைக் கண்காட்சி. பெரிய ஹால். சுவர் முழுக்க ஒட்டுத்துணிப் போர்வைகள் தொங்கின. அம்மையப்பன் குதைபியாவில் கலீல் ரஹ்மான் கடைத் தையல்காரர். வாரத்தில் கிடைக்கிற ஒரே லீவு நாளை விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அவர் பார்க்க வந்த போர்வைக்குக் கீழே ‘செய்தவர்: ஜெயபாரதி கௌரிசங்கர்’ என்று போட்டிருந்தது. அது முழுப் பொய். பாதிக்கு மேல் அவர் மிஷினில் ஓடியது. சரி, அது கிடக்கட்டும். தைத்துக் கொடுத்த சட்டையில் எந்தத் தையல்காரன் பேர் போட்டுக்கொண்டான்? ஆனால் ஒன்பதாவது கட்டத்தின் பேர் அப்படி இல்லை. அதை அவர் வாய்விட்டுக் கேட்டிருந்தார். அந்த அம்மாளும் தலையை ஆட்டியிருந்தாள்.

நாலு மாதம் முன்னால் ஜெயபாரதி ஒரு தடிப் புத்தகத்தோடு கடைக்கு வந்தாள். கணவன் வங்கியில் வேலை, ஒரே மகள் ஹர்ஷினி. மகளுக்கு ஒரு போர்வை செய்ய வேண்டும், அதையே கண்காட்சியிலும் வைக்க வேண்டும். ஒன்பது கட்டம், ஒவ்வொன்றும் ஒரு தினுசு. அவள் வெட்டித் தர, இவர் மூட்டினார். ஸ்டூலில் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்து அவள் கதை சொல்வாள். நல்லாத்தான் சொல்வாள், அதைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஒரு பக்கத்துப் பெண்கள் ஒரு கட்டத்துக்குக் ‘கரடிப் பாதம்’ என்று பேர் வைத்தார்களாம். அதே கட்டம் கடலோரத்துக்காரிகளுக்குச் ‘சேற்றில் வாத்துக்கால்’ ஆகிவிட்டதாம். வேறொரு கூட்டத்தாருக்கு அதுவே ‘நட்புக் கை’யாம்.

“ஊர் மாறினா பேரும் மாறிடும், அம்மையப்பன். அவங்கவங்க வாழ்க்கையில என்ன நடந்துச்சோ அதைப் பேரா வச்சுக்கிட்டாங்க. யாரும் யாருகிட்டயும் பர்மிஷன் கேக்கல.”

“அப்ப நாமளும் வைக்கலாமா மேடம்?”

“தாராளமா!”

ஒன்பதாவது கட்டத்துக்கு நீலத்துணி பற்றவில்லை. சின்னச் சின்னச் சதுரங்கள் மூலைக்கு மூலை ஏறிப்போகிற கட்டம் அது. மறுநாள் அம்மையப்பன் ரூமிலிருந்து கொஞ்சம் நீலம் கொண்டுவந்து தைத்துவிட்டு, “இதுக்கு ஜெயசீலன் ஏணின்னு பேர் போடுங்க மேடம்” என்றார்.

“யாரு ஜெயசீலன்?”

“நம்ம ரூம்மேட்டு.”

“அட, ஸ்வீட்டா இருக்கே!” என்று நோட்டில் குறித்துக்கொண்டாள்.

ரூம்மேட் உயிரோடு இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. அந்த நீலம் அவனுடைய யூனிஃபார்ம் சட்டை என்பதையும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாளே என்ற பயம்.

ஜெயசீலன் ஆறு வருஷம் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன். ஜெயங்கொண்டம் பக்கம். சாரம் கட்டுகிற வேலை. ஆகஸ்ட் வெயிலில் நாலாவது மாடியில் பலகை இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தான். பலகை இல்லை. கம்பெனிப் பேப்பரிலோ நெஞ்சுவலி என்று எழுதினார்கள். அம்மையப்பன் கேம்ப் ஆபீசில் போய்ச் சத்தம் போட்டார். “கலாஸ் பாய், கலாஸ்” என்று கையைத் தட்டிவிட்டுப் போனான் ஃபோர்மேன். முடிந்துவிட்டதாம்!

அதைவிடப் பாவம், அவன் பெண்டாட்டி நாகவள்ளி. போன் போட்டு அழவில்லை, சண்டை பிடித்தாள். “நெஞ்சுவலி இருந்துச்சுன்னு எழுதியிருக்காங்களேண்ணே, எங்கிட்ட ஏன் மறைச்சாரு? நான் என்ன வேத்தாளா?” இவர் நடந்ததைச் சொன்னார். அவள் நம்பவில்லை. “பேப்பர்ல பொய்யா எழுதுவாங்க? நீங்க என் மனசு ஆறணும்னு சொல்றீங்க.” செத்தவன் மேல் இன்னமும் கோபமாகவே இருக்கிறாள். உலகத்தில் எங்கேயாவது ஒரே ஓர் இடத்தில், நெஞ்சுவலி என்று இல்லாமல், அவன் பேர் அவன் ஏறின ஏணியோடு எழுதியிருக்கட்டும் என்றுதான் அம்மையப்பன் கேட்டார்.

“மேடம்” என்றார் இப்போது. குரல் அவருக்கே புதிதாக இருந்தது. “பேரை ஏன் மாத்துனீங்க?”

ஜெயபாரதி பட்டுப்புடவையில் திரும்பினாள். “ஓ, வந்துட்டீங்களா! அதுவா, கமிட்டில புக்ல இருக்கற பேர்தான் போடணும்னாங்க. ஜட்ஜஸ்க்குப் புரியணும்ல.”

“கடல்கரைக்காரிக்கு மட்டும் வாத்துக்கால்னு மாத்திக்கலாமா? யாரையும் கேக்க வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அது ஹிஸ்டரி, அம்மையப்பன்.”

“இதுவும் ஹிஸ்டரிதான். எங்க ரூம்ல நடந்த ஹிஸ்டரி.”

“மெதுவா பேசுங்க, எல்லாரும் பாக்கறாங்க. ஒரு ஃபிரெண்டு பேருக்காக இவ்வளவு கோபமா?”

“அவன் செத்துட்டான் மேடம். சாரத்துலேர்ந்து விழுந்து செத்தான். அந்த நீலம் அவன் சட்டை.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. போர்வையிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தாள். வாயைத் திறந்து அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

“துவைச்சீங்களா?”

எப்படி விழுந்தான் என்று கேட்கவில்லை. பிள்ளைகுட்டி உண்டா என்று கேட்கவில்லை. அடப் பாவி மனுஷி!

“மூணு தடவை துவைச்சேன். முதுகுப்பக்கம் கறை போகல. அதைக் கழிச்சிட்டு சட்டையோட கைப்பக்கத்துல வெட்டுனேன்.”

“ஐயோ! ஹர்ஷினி ஒரு வாரமா இதைப் போத்திக்கிட்டுத் தூங்கறாளே! செத்தவன் துணி... நீங்களும் நம்ம ஆளுதானே, உங்களுக்குத் தெரியாதா? பிரிச்சு எடுங்க அதை. இப்பவே!”

தெரியும். வெட்டும்போதே தெரியும். கேட்காமல் ஒரு குழந்தையின் போர்வையில் அதை வைத்தது தப்பு என்றும் தெரியும். அந்தத் தப்பு தன் பக்கம் இருந்ததால் கோபம் இன்னும் ஏறியது. கம்பெனி அவனை ஒரு பேப்பரில் இல்லாமல் செய்தது. இவள் ஓர் அட்டையில் செய்தாள். இப்போது நூலையும் அவர் கையாலேயே பிரிக்க வேண்டுமாம்!

பெயர் பதிகிற மேஜையில் தடித்த மார்க்கர் ஒன்று கிடந்தது. எடுத்தார். அந்தக் கட்டத்துக்குக் கீழே வெள்ளைத் துணியிலேயே பெரிது பெரிதாகத் தமிழில் எழுதினார்: ஜெயசீலன் ஏணி. நாலாவது மாடி. பலகை இல்லை. நெஞ்சுவலி இல்லை.

“இப்பப் பிரிச்சுக்குங்க” என்றார்.

நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார நடுவரம்மா வேகமாக வந்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அம்மையப்பனை விட்டால், அங்கே நின்றவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் ஜெயபாரதி ஒருத்திதான். பக்கத்தில் நின்ற ஹர்ஷினிக்குக்கூடத் தெரியாது. “மம்மி, வாட் டஸ் இட் சே?” என்று அவளும் புடவையைப் பிடித்து இழுத்தாள். ஜெயபாரதி எழுத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு எப்படியோ ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

“ஜஸ்ட் த டெய்லர்ஸ் நேம்” என்றாள்.

நடுவரம்மா, அப்படியா என்று முகம் மலர்ந்து அம்மையப்பனிடம் கை நீட்டினாள். அவர் அந்தக் கையைத் தொடவில்லை. தனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டி, ஹாலே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

“நோ மேடம்! மை நேம் அம்மையப்பன். திஸ் நேம் ஜெயசீலன். ஃபோர்த் ஃப்ளோர். வுட் மாஃபி. ஹார்ட் அட்டாக் மாஃபி!”

மாஃபி என்றால் இல்லை. பஹ்ரைனில் வந்து இறங்கும் எல்லோரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் சொல் அது. ஹாலில் அது புரியாதவர்கள் யாரும் இருக்கவில்லை.