நாலு பத்துக்கு ஒரு அக்கறை

டைம்கீப்பர் ஓய்வுபெற்றுப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. பஸ் டிப்போவின் வாசலில் கூண்டு போட்ட அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று முப்பத்தொரு வருஷம் எழுதியவர். இப்போது எழுத வண்டி இல்லை. அதனால் வீட்டில் இருப்பதைக் கவனித்தார். தண்ணீர் மோட்டார் ஆறு இருபதுக்கு ஓடும். பக்கத்து வீட்டுக்காரர் ஏழே காலுக்குத் தும்முவார். டைம்கீப்பரின் மனைவி மாலை நாலு பத்துக்குச் சிரிப்பாள்.

வாய்விட்டு இல்லை. உதட்டின் இடது ஓரம் மட்டும் ஒரு நூல் அளவு ஏறும். அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்துவிட்டு நாலு மணிக்கு வீடு திரும்புவாள், பையை நாற்காலியில் மாட்டுவாள், போன் ஒரு முறை 'டிங்' என்னும், எடுத்துப் பார்ப்பாள், இடது ஓரம் ஏறும். கல்யாணமான முப்பத்து நாலு வருஷத்தில் டைம்கீப்பர் அந்த ஓரத்துக்கு எத்தனையோ சந்தர்ப்பம் கொடுத்திருக்கிறார். அது அவருக்காக அசைந்ததாக நினைவில்லை.

இதைக் கவனிக்கத் தொடங்கிய ஒன்பதாவது நாள், அவள் முகம் கழுவப் போன நேரத்தில் மேஜைமேல் கிடந்த போனை எட்டிப் பார்த்தார். தொடவில்லை. தொடாமல் பார்ப்பது குற்றம் இல்லை என்பது அவர் கணக்கு.

'நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருந்திருப்பீங்க. கொஞ்ச நேரம் உக்காருங்க. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.'

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு பன்னிரண்டு.

மனைவி துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிறாள்.

"யாரு அது?" என்றார்.

"எது யாரு?"

"உக்காரச் சொல்ற ஆளு."

"அதுவா? கடைங்க. நம்ம மாப்பிள்ளை வேலை பாக்கற ஆன்லைன் கடை. கால் வலிக்கு மெத்தை வெச்ச செருப்பு விக்கறாங்க."

"செருப்பு விக்கறவனுக்கு நீ நின்னா என்ன, உக்காந்தா என்ன?"

"ஒண்ணுமில்லதான். ஆனா கேக்கறதுக்கு நல்லா இருக்கு இல்ல?"

அவள் இதைக் குத்திச் சொல்லவில்லை. குத்திச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். டைம்கீப்பர் உள்ளே போய்த் தன் போனை எடுத்துப் பார்த்தார். அதே கடை அவருக்கும் ஒரு செய்தி அனுப்பியிருந்தது. 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, முழங்கால் பட்டை, ஜோடி. கையிருப்பு உள்ளது.'

சனிக்கிழமை மாப்பிள்ளை சாப்பிட வந்தார். மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு அன்று டியூட்டி. மாப்பிள்ளைக்கு முப்பத்து மூன்று வயது, மெல்லிய குரல், எதிரில் இருப்பவர் தட்டு காலியானால் தன் தட்டை மறந்துவிடும் சுபாவம். அந்தச் சுபாவத்துக்குத்தான் கடை சம்பளம் கொடுக்கிறது என்று டைம்கீப்பருக்கு அன்றுதான் தெரிந்தது.

"எங்க ஆபீஸ்ல மூணு மேஜை மாமா," என்றார் மாப்பிள்ளை. "விக்கறது ஒரே தண்ணி பாட்டில்தான். இருபத்தஞ்சு வயசுக்குக் கீழேன்னா, 'டேய், கூடையில போட்டுட்டு எங்கடா ஓடிப்போனே'ன்னு அனுப்புவோம். திட்டினாத்தான் வாங்குவாங்க. முப்பது நாப்பதுன்னா அவசரப்படுத்தணும். 'இன்னும் ரெண்டு மணி நேரம்தான், உங்க தெருவில ஆறு பேர் வாங்கிட்டாங்க.' அம்பத்தஞ்சுக்கு மேல பெண்கள்னா விசாரிக்கணும். 'இன்னைக்குத் தண்ணி குடிச்சீங்களா?' அவ்வளவுதான். அந்த மேஜை என்னுது."

டைம்கீப்பர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். எதிரி தன் வீட்டில், தன் தட்டில், இரண்டாவது முறை பொரியல் வாங்கிக்கொண்டிருந்தார்.

"அறுபதுக்கு மேல ஆம்பளைங்களுக்கு?"

"அவங்க எதையும் திறக்க மாட்டாங்க மாமா. அதனால ஆள் போடல. மிஷினே அனுப்பிடும்."

மாப்பிள்ளை அத்தை பக்கம் திரும்பினார். "அத்தை, ஒரு உதவி. தினமும் காலையில பத்து மணிக்கு ரெண்டு செய்தியை ஒரு சின்னப் பட்டியலுக்கு அனுப்பிப் பாப்போம். ஒண்ணு நான் எழுதினது, ஒண்ணு மேனேஜர் எழுதினது. எதை அதிகம் பேர் திறக்கறாங்களோ அது சாயங்காலம் எல்லாருக்கும் போகும். பட்டியல்ல ஒன்பது பேர்தான் இருக்காங்க, அவங்களும் திறக்கறதில்ல. நீங்க சேர்றீங்களா?"

"ஒரு நாளைக்கு ஒரு தடவை விசாரிச்சாப் போதும் மாப்பிள்ளை. மூணு தடவைன்னா தொந்தரவு," என்றாள் அவள்.

சேர்வதற்கான லிங்க் குடும்பக் குழுவில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டைம்கீப்பர் கதவைச் சாத்திக்கொண்டு அதைத் திறந்தார். வயது என்ற இடத்தில் ஐம்பத்தெட்டு. ஆணா பெண்ணா என்ற இடத்தில் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, பெண். சேர்ந்தவர் யார் என்று ஆபீசில் தெரியாது, எத்தனை பேர் என்பது மட்டும்தான் தெரியும் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. அதை இரண்டு முறை படித்தார்.

திங்கட்கிழமை சரியாகப் பத்து மணிக்கு இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று, 'இன்னைக்குத் தண்ணி குடிச்சீங்களா? வேலையில மறந்திருப்பீங்க.' இன்னொன்று, 'சிறுநீரகம் உங்களை மன்னிக்காது.' எது மாப்பிள்ளை எழுதியது, எது மேனேஜர் எழுதியது என்று கண்டுபிடிக்க முப்பத்தொரு வருஷ அனுபவம் தேவைப்படவில்லை. டைம்கீப்பர் முதல் செய்தியைத் தொட்டுத் திறந்தார். படித்தார். இன்னொரு முறை படித்தார். மனதில் ஏற்றிக்கொண்டு, மனைவியின் சாப்பாட்டு இடைவேளையான ஒரு மணிக்குப் போன் போட்டார்.

"என்னங்க, என்ன ஆச்சு?" அவள் குரலில் பதற்றம். வேலை நேரத்தில் அவர் கூப்பிட்டது அதற்கு முன் ஒரே முறை, வீட்டுக் குழாய் உடைந்தபோது.

"ஒண்ணும் ஆகலை. தண்ணி குடிச்சியா? வேலையில மறந்திருப்பே."

அந்தப் பக்கம் டிபன் பாக்ஸ் மூடும் சத்தம் கேட்டது.

"யாருங்க பேசறது?" என்றாள்.

மாலை நாலு பத்துக்கு 'டிங்' வந்தது. அவள் எடுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "பாருங்க, கடைக்காரன் உங்களக் காப்பி அடிக்கறான்."

டைம்கீப்பர் செய்தித்தாளுக்குப் பின்னால் தன் முகத்தை வைத்துக்கொள்ள இடம் தேடினார். ஆனால் தாளின் விளிம்பு வழியாகப் பார்த்தபோது, இடது ஓரம் ஏறியிருந்தது. போனைப் பார்த்துத்தான் ஏறியிருந்தது. சொன்னது இவர், சிரிப்பு அதற்கு. ஒரு மணிக்கு அவள் எந்த ஓரத்தில் சிரித்தாளோ, யார் கண்டார்கள்?

மறுநாள் கை தவறியது. 'உங்க வேலையெல்லாம் தீர்ந்தப்புறம்தான் உங்க ஞாபகம் உங்களுக்கு வருது' என்று ஒன்றும், 'ஐம்பத்தைந்துக்குப் பிறகு எலும்பு காரணமின்றி உடையும்' என்று ஒன்றும் வந்திருந்தன. எலும்புச் சமாசாரம் ஆண்களுக்கும் பொருந்துமா என்று பார்க்க அவர் இரண்டாவதைத் தொட்டுவிட்டார். ஒரு மணிக்கு மனைவியிடம் சொன்னது முதலாவதைத்தான். நாலு பத்துக்கு மனைவி போனைப் பார்த்தாள், முகம் சுளித்தாள், போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். பிறகு அவரைப் பார்த்து, "காபி போடட்டுமா? மத்தியானம் நீங்க சொன்னத நெனச்சுக்கிட்டே இருந்தேன்," என்றாள்.

டைம்கீப்பருக்கு விஷயம் விளங்கிவிட்டது. மற்ற ஒன்பது பேர் திறப்பதில்லை. இவர் எதைத் தொடுகிறாரோ அந்த வண்டிதான் வெளியே போகும். இவர் தொடாதது டிப்போவிலேயே நிற்கும். இந்த வேலை அவருக்குப் புதிது இல்லை.

அன்றிலிருந்து நல்ல செய்தியைத் திறக்காமலே, திரையின் மேலே தெரிவதை மட்டும் படித்து வைத்துக்கொண்டு, கெட்டதைத் தொட்டார். ஒரு மணிக்கு அவர் வாயிலிருந்து தேன் வடிந்தது. நாலு பத்துக்குக் கடையின் வாயிலிருந்து, 'குளியலறையில் விழுந்தால் யார் தூக்குவார்கள்?' என்றும், 'உங்கள் கழுத்தை மற்றவர்கள் கவனிக்கிறார்கள்' என்றும் வந்தன. ஊர் ஊராக ஒரு லட்சம் பெண்கள் நாலு பத்துக்குத் தங்கள் எலும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். டைம்கீப்பருக்கு அவர்களோடு ஒரு பகையும் இல்லை. வழியில் நின்றார்கள், அவ்வளவுதான்.

இந்த மாதிரி ஒரு மாதம். அவள் போனைப் பார்த்துச் சிரிப்பது நின்றது. பிறகு பார்ப்பதே நின்றது. உலகத்தில் தனக்கு இனி எதிரி இல்லை என்று டைம்கீப்பர் நினைத்துக்கொண்டிருந்த சனிக்கிழமையில் மாப்பிள்ளை வந்தார். தட்டு காலியாக இருந்தும் கவனிக்கவில்லை. அவருடைய தட்டு, மற்றவர் தட்டு, இரண்டையும்.

"என்ன மாப்பிள்ளை, ஒடம்பு சரியில்லையா?" என்றாள் அத்தை.

"ஒரு மாசமா வரிசையாத் தோத்துக்கிட்டு இருக்கேன் அத்தை. தினமும் மேனேஜர் எழுதினதுதான் ஜெயிக்குது. அவருக்கு இருபத்தாறு வயசு. 'வயசானவங்களுக்குப் பயம்தான் புடிக்கும், நான் அப்பவே சொன்னேனே'ங்கறாரு. அடுத்த வாரமும் இப்படியே போனா என்னை இருபத்தஞ்சுக்குக் கீழ மேஜைக்கு மாத்திடுவாங்களாம்." மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு யாரையும் டேய்னு கூப்பிட்டுப் பழக்கமில்ல."

"அப்படி என்னதான் எழுதினீங்க? படிங்க, கேப்போம்," என்றாள் அத்தை.

டைம்கீப்பர் மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டிருந்தது. அதில் பார்க்க வேறு எதுவும் இல்லை.

மாப்பிள்ளை போனை எடுத்துப் படித்தார். "'உங்க வேலையெல்லாம் தீர்ந்தப்புறம்தான் உங்க ஞாபகம் உங்களுக்கு வருது.' இது தைலத்துக்கு." அத்தையின் கரண்டி பாத்திரத்துக்கு மேலேயே நின்றது. "'நீங்க பேசாம இருந்தாலும் வீடு உங்க சத்தத்துக்காகக் காத்துக்கிட்டிருக்கு.' இது காலிங் பெல்லுக்கு." அத்தை கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "'அடுத்தவங்க கண்ணுக்காக உழைக்கறவங்க தன் கண்ணையும் பாத்துக்கணும்.'"

மூக்குக் கண்ணாடிக் கடையில் இருபது வருஷமாக அடுத்தவர் கண்ணுக்கு உழைப்பவள் மெதுவாகக் கேட்டாள். "அது?"

"சொட்டு மருந்துக்கு அத்தை. எல்லாத்துலயும் நல்லா வந்தது அதுதான்."

"ஆமா," என்றாள் அவள். "நல்லாத்தான் இருந்துச்சு."

கணவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் உறைத்திருக்கும், திரும்பாதது அவருக்கு இன்னும் உறைத்தது. மாப்பிள்ளை தட்டில் இன்னொரு கரண்டி போட்டு, "கவலப்படாதீங்க மாப்பிள்ளை. திங்கக்கெழமையிலேர்ந்து உங்களுதுதான் ஜெயிக்கும்," என்றாள்.

"எப்படி அத்தை சொல்றீங்க?"

"எனக்குத் தோணுது."

மாப்பிள்ளை கிளம்பிப் போன பின், பாத்திரம் கழுவும் இடத்தில் டைம்கீப்பர் துடைக்கும் துணியோடு போய் நின்றார். அவள் ஒரு தட்டைக் கழுவி நீட்டினாள். வாங்கித் துடைத்தார். அப்படியே நாலு தட்டு ஆனது.

"எல்லாமே மாப்பிள்ளையோடதுதானா?" என்றாள்.

"'பால்காரன் வந்தானா'ன்னு ஒரு நாள் கேட்டேனே. அது என்னோடது."

"அது எனக்கே தெரிஞ்சுது."

"அவனைப் பாத்து நீ சிரிச்சே. எனக்குப் பொறுக்கல," என்றார். அவன் என்று கடையைச் சொன்னார்.

"செருப்புக் கடையப் பாத்துப் பொறாமைப்பட்ட ஒரே ஆளு நீங்கதான்." கடைசி டம்ளரை நீட்டினாள். "திங்கக்கெழம எதைத் தொடணுமோ அதைத் தொடுங்க. அந்தப் புள்ள பொழப்பு. அப்புறம் ஒரு மணிக்கு எப்பவும் போலப் போன் பண்ணுங்க."

"எதுக்கு? அதான் எல்லாம் நாலு பத்துக்கு வரப்போவுதே."

"லென்ஸ் கவுண்டர்ல ஒரு பொண்ணு இருக்கா. கல்யாணமாகி எட்டு மாசம். அவ புருஷன் போனே பண்றதில்ல. தெனமும் ஒரு மணிக்கு என் போன் அடிக்கறப்ப அவ மூஞ்சி போற போக்க நீங்க பாக்கணும்." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த நிறைவை டைம்கீப்பர் எந்த மாலையிலும் பார்த்ததில்லை. "நீங்க என்ன வேணாலும் பேசுங்க. கடையில இருக்கறவங்களுக்குக் கேக்கவா போவுது?"

திங்கட்கிழமை பத்து மணிக்கு இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று முதுகுத் தண்டைப் பற்றியது. மற்றது, 'நீங்க சொல்லலேன்னாலும் தெரியுது, இன்னைக்குக் களைப்பு.' அந்த மாதத்திலேயே அதுதான் சிறந்தது. ஒரு மணிக்குச் சொல்ல அவர் நாக்கு துடித்தது. வாயை இறுக மூடிக்கொண்டு அதைத் தொட்டார். தன் கையாலேயே எதிரி வண்டியைத் தன் வீட்டுக்கு அனுப்பிவைத்த முதல் டைம்கீப்பர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு மணிக்குக் கூப்பிட்டார். எடுத்தாள். சொல்வதற்கு அவரிடம் ஒன்றுமில்லை.

"மோட்டார் போட்டிருக்கேன்," என்றார்.

"அய்யோ, அதெல்லாம் எதுக்குங்க," என்றாள் அவள்.

"தொட்டி பாதிதான் ரொம்பியிருக்கு."

"சரி சரி, உக்காந்துக்கறேன். நீங்க சொல்லி நான் கேக்காம இருந்திருக்கேனா?" சிரித்தாள். மெல்லத் தொடங்கி, நடுவில் தடுக்கி, மறுபடி எழுந்த சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருப்பதே அவருக்குத் தெரியாது.

"யார்கிட்ட பேசறே?" என்றார்.

"உங்ககிட்டதாங்க. வேற யார்கிட்ட?" குரலில் குழைவு. பின்னால் ஏதோ நாற்காலி நகர்ந்தது. லென்ஸ் கவுண்டர் பெண்ணாக இருக்கலாம்.

டைம்கீப்பர் பேசாமல் இருந்தார். அவர் பேசாததால் அங்கே எதுவும் தடைப்படவில்லை. "சும்மா இருங்க, பக்கத்துல ஆளுங்க இருக்காங்க," என்றாள் அவள், வெட்கப்பட்டபடி. அவள் யாருக்குப் பதில் சொல்கிறாளோ, அந்த இல்லாத புருஷன் ஏதோ சொல்லியிருக்கிறான். என்ன சொன்னான் என்று தெரியவில்லை. தெரிந்தாலும் தனக்கு அது வாயில் வராது என்று டைம்கீப்பருக்குத் தோன்றியது. செருப்பு விற்கிறவனையாவது தொடாமல் விட்டு டிப்போவிலேயே நிறுத்தலாம், இவனை எங்கே நிறுத்துவது?

காது சுட்டது. போனை வைத்துவிடலாமா என்று யோசித்தார். வைத்துவிட்டால் அவர்கள் இரண்டு பேரும் தனியாக இருப்பார்கள்.