சாக்கடைத் தண்ணீரும் அத்தானும்

என் அக்காவின் கணவர் தையற்காரர். ஊருக்கெல்லாம் அளவெடுப்பவர், என் உத்தியோகத்தை மட்டும் "சாக்கடைக்கு அளவெடுக்கிற வேலை" என்று சொல்லிச் சிரிப்பார். தெருமுனையில் தொட்டி வரப்போகிறது என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

மழைநாளில் சாக்கடையோடு வரும் மண்ணும் கசடும் அந்தத் தொட்டியில் தங்கி, தெளிந்த தண்ணீர் மட்டும் ஆற்றுக்குப் போக வேண்டும். கசடு வேகமாக அடியில் இறங்கினால் சின்னத் தொட்டி போதும். மெதுவாக இறங்கினால் பெரிய தொட்டி வேண்டும். அதை அங்கே இருக்கும் அத்தானின் கடையை இடித்துத்தான் கட்ட முடியும். இறங்கும் வேகத்தை அளந்து சொல்ல வேண்டியவள் நான். இப்படி ஒரு நிலைமை எந்த மச்சினிக்கும் வர வேண்டாம்.

சோதனையன்று அத்தான் சோதனைக்கூடத்துக்கே எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தார். அதுவரை ஒரு வாய்த் தண்ணீர்கூட எனக்கு மொண்டு கொடுத்தறியாத மனிதர். ஆளுயரக் கண்ணாடிக் குழாயில் கலங்கல் தண்ணீர் நின்றது. அதன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, இது கொஞ்சம் சீக்கிரம் இறங்காதா?"

"தண்ணி சூடா இருந்தா சீக்கிரம் இறங்கும். அதுக்காக சாக்கடைய அடுப்புல வைக்க முடியுமா, அத்தான்? நீங்க எதையும் தொடாம இருந்தாலே புண்ணியம்."

குழாயின் பக்கத்துத் திறப்புகளில் அவ்வப்போது தண்ணீர் பிடித்து, வடிகட்டி, வடிதாளை உலர்த்த அடுத்த அறைக்குப் போய்ப் போய் வந்தேன். மாலையில் கணக்கு வந்தது. கசடு இறங்க மனசே இல்லாமல் மிதந்திருந்தது. கடை போய்விடும்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது அவரே முந்திக்கொண்டார்.

"என்னை மன்னிச்சிடு. நீ அந்தப் பக்கம் போனப்பல்லாம் ஜன்னல் திரைய விலக்கினேன். குழாய் மேல வெயில் படட்டும்னுதான். நீ வர்ற சத்தம் கேட்டா மூடிடுவேன். கணக்கு நல்லபடியா வந்திருந்தா அது பொய்க் கணக்கு, எழுதாத. கடை போனாப் போகட்டும், உன் பேரு கெடக் கூடாது."

எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கி வந்தன.

"ஐயோ அத்தான்! முழுத் தண்ணியும் ஒரே சூட்டுல இருந்தாத்தான் சீக்கிரம் இறங்கும். ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டா, சூடான தண்ணி மேல ஏறும், மத்தது கீழ இறங்கும். உள்ளயே சுத்திச் சுத்தி வந்து கசட அடங்கவே விடாது. உங்க கடைக்கு நீங்களே வேட்டு வெச்சிருக்கீங்க!"

நடந்ததை மேலதிகாரியிடம் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தக் கணக்கைத் தள்ளிவிட்டார்கள். அடுத்த மழையில் புதிதாகப் பிடித்த தண்ணீரில், அதிகாரி பக்கத்திலேயே நிற்க, மறுபடியும் சோதனை. அத்தான் வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே அடியெடுத்து வைத்தால் காலை ஒடிப்பேன் என்று சொல்லியிருந்தேன்.

மாலையில் வெளியே வந்தேன்.

"சின்னத் தொட்டியே போதும் அத்தான். கடை இருக்கும்."

அத்தான் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அவரைக் கிண்டல் செய்ய நான் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் மறந்துவிட்டேன். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.